வாயில்லாச் சீவன்களின் விருந்து

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலங் கடந்து அல்லைப்பிட்டிக்குச் செல்வோர், கரையில் ஒதுங்கிக் கிடக்கும் சாதாளையைக் கண்டிருப்பர். தோட்டத்துப் பசளைக்கென மக்கள் அள்ளிச் சென்றது போக, எஞ்சியது எங்கே போகிறது? அக்கரையில் நிற்குந்தோறும் நம் மனத்தில் எழும் வினா இது.

சாதாளை அழுகுங்கால் அதிலுள்ள மாப்பொருளும் புரதமும் தேயிலைச் சாயம்போல நீரிற் கரைந்துவிடுகின்றன. கரைந்த உணவை மீன் கொத்தித் தின்ன இயலாது. வலையிட்டுப் பிடிக்கவும் இயலாது. அதனை உண்பவை பக்டீரியாக்களே. ஒரு மில்லிலீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 10 இலட்சம் பக்டீரியாக்கள் வாழ்கின்றன.

நாம் சோற்றை விழுங்கிய பின்னர் வயிற்றினுள்ளே சமிபாடு நிகழ்கிறது. பக்டீரியாவுக்கோ வாயுமில்லை, வயிறுமில்லை. பெரிய மூலக்கூறுகள் அதன் உடற்சுவரைக் கடக்கமாட்டா. ஆதலின் அது நொதியங்களை ஆக்கிச் சுவரின் புறத்தே நிறுத்துகிறது. சிலவற்றை நீரிலேயே விடுகிறது. புரதத்தை அறுப்பது ஒன்று. சர்க்கரைத் தொடரை அறுப்பது வேறொன்று. பொசுபேற்றைப் பிரிப்பது பிறிதொன்று. துண்டுகள் போதிய அளவு சிறுத்தபின் அவற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஒன்று அறுத்து வைத்ததை அயலில் உள்ளது உண்டுவிடுவதும் உண்டு!

பக்டீரியாவை ஒருகல உயிரிகள் உண்கின்றன. அவற்றை அவற்றினும் பெரியவை உண்கின்றன. 1983ஆம் ஆண்டில் பாரூக் அசாம் என்னும் அறிஞரும் அவர்தம் தோழரும் இத்தொடரை நுண்ணுயிர் வளையம் என விளக்கினர். வழியிற் பெரும்பகுதி காபனீரொட்சைட்டாகக் கழிந்துபோயினும், அழுகிய சாதாளையின் ஒரு சிறு கூறு சிறகுவலை இறாலாகி நம் கறிச்சட்டிக்கு வந்து சேரக்கூடும்.

ஆயினும் இவ்விருந்துக்கும் ஓர் அளவுண்டு. உண்ணும் பக்டீரியா மூச்சுக்கு ஒட்சிசனையும் செலவிடுகிறது. ஆழமற்ற கடனீரேரியிற் கழிவுநீரையும் குப்பையையும் மேன்மேலுங் கொட்டினால், காற்றடங்கிய இரவில் ஒட்சிசன் வற்றி மீன்கள் திணறும். சேற்றிலிருந்து கூழ்முட்டை நாற்றம் எழுவதும், ஒட்சிசனின்றி வாழும் வேறு பக்டீரியாக்கள் அங்கே தொழிற்படுவதாலேயே. பொலித்தீனையோ விரைந்து அறுக்கவல்ல நொதியம் இக்கடலுயிர்களிடம் இல்லை.

கடல் எதனையும் கரைத்துக்கொள்ளும் என்று பெரியோர் சொல்வதுண்டு. கரைப்பது கடலாயினும், கரைந்ததைத் தின்று தீர்ப்பவை இக்கண்காணாச் சீவன்களே. அவை செரிக்கத்தக்கதை, செரிக்கத்தக்க அளவில் மட்டும் கடலுக்கு விடுவோமாயின், நம் பிள்ளைகளின் வலையிலும் இறால் துள்ளும்.