செட்டியார் நிதி மந்திரியானபோது

எங்கள் அப்புச்சி சூலூர்ப் பக்கத்துக்காரர். 1942 ஆகஸ்ட் 26இல் சூலூர் விமான தளம் எரிந்தது நம்மூர்ப் பெரியவர்களுக்கெல்லாம் தெரியும். அதையொட்டிப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனவர்களில் அவரும் ஒருவர். தீ வைத்தது நீங்களா என்று கேட்டால் கடைசிவரை சிரிப்புத்தான் பதில்.

ஜெயிலுக்குப் போனதைவிட அவருக்கு ஆறாமல் இருந்தது வேறொன்று. 1947 ஆகஸ்ட் 15இல் அமைந்த நேரு மந்திரிசபையில் நிதி மந்திரி நம் கோயம்புத்தூர் ஆர்.கே. சண்முகம் செட்டியார். ஊருக்குப் பெருமைதான். ஆனால் அவர் ஜஸ்டிஸ் கட்சிக்காரர், வெள்ளைக்காரன் கொடுத்த 'சர்' பட்டத்துக்காரர். 1934 தேர்தலில் காங்கிரஸிடம் தோற்றவர். யுத்த காலத்தில் சர்க்காருக்குச் சாமான் வாங்கும் குழுவின் தலைவராக வாஷிங்டனில் இருந்தவர். "நாங்க களி திங்க, அவரு மந்திரியா?" என்பார் அப்புச்சி.

நானும் மில்லில் கணக்கெழுதியே ஓய்வு பெற்றவன். அதனாலோ என்னவோ, எனக்கு இது வேறு மாதிரிப் பட்டது. போராடுவது ஒரு வேலை, கஜானாவைத் திறந்து சம்பளம் போடுவது இன்னொரு வேலை. 1946 இடைக்கால சர்க்காரிலேயே காங்கிரஸ் சூடுபட்டிருந்தது. உள்துறையை வைத்துக்கொண்டு நிதியை லீக்கின் லியாகத் அலி கானுக்கு விட்டுக்கொடுத்தார்கள். லியாகத் சம்மதம் இல்லாமல் படேலால் ஒரு சப்ராசியைக்கூடப் போட முடியவில்லை என்று ஆசாத் எழுதியிருக்கிறார்.

அதனால்தான் கட்சிக்கு வெளியிலும் ஆள் தேடினார்கள். அம்பேத்கர், சியாமா பிரசாத் முகர்ஜி, ஜான் மத்தாய், பாபா, பல்தேவ் சிங், நம் செட்டியார். காங்கிரஸை வாய் ஓயாமல் திட்டியவர்களும் இதில் உண்டு. கொச்சியில் திவானாக இருந்து, 1944இல் பிரெட்டன் உட்ஸ் மாநாடுவரை போய் வந்த செட்டியாரைப்போல் கணக்குத் தெரிந்தவர்கள் அன்றைக்கு எத்தனை பேர்?

1947 நவம்பர் 26இல் அவர் படித்த முதல் பட்ஜெட் ஏழரை மாதத்துக்கானது. வரவு 171.15 கோடி, செலவு 197.39 கோடி. செலவில் 92.74 கோடி ராணுவத்துக்கே. நாடு பிரிந்து அகதிகள் வந்துகொண்டிருக்கிறார்கள், பாகிஸ்தானோடு ரொக்கத்தைப் பங்கு பிரிக்கும் வழக்கு வேறு. அதற்கு நடுவில் புதிதாக அவர் போட்ட வரி எது தெரியுமா? ஏற்றுமதியாகும் பருத்தித் துணிக்கும் நூலுக்கும் தீர்வை. மில் ஊர்க்காரர் மில்லுக்கே போட்டார்! இதைச் சொன்னால் அப்புச்சி கொஞ்சம் இறங்கி வருவார்.

ஆனால் செட்டியார் ஒரு வருஷந்தான் இருந்தார். வரி ஏய்ப்பு விசாரணைக் கமிஷனுக்குப் போன பட்டியலிலிருந்து சில பெயர்களை நீக்கிய விவகாரத்தில் 1948 ஆகஸ்டில் ராஜினாமா. கட்சிக்காரராக இருந்திருந்தால் முட்டுக்கொடுக்க நாலு பேர் வந்திருப்பார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம். தப்பு தப்புத்தான், அது வேறு. 1950இல் முகர்ஜியும் மத்தாயும் விலகினார்கள், 1951இல் அம்பேத்கர். எல்லோருக்கும் பொதுவாகத் தொடங்கிய மந்திரிசபை, முதல் பொதுத்தேர்தல் வருவதற்குள் பெரும்பாலும் கட்சி மந்திரிசபை ஆகிவிட்டது.

1972இல் தியாகிகளுக்குத் தாமிரப் பட்டயம் கொடுத்தார்கள். அப்புச்சியிடம் கேட்டேன், "இன்னும் செட்டியார் மேல கோவமுங்களா?"

"அவரு மேல என்ன கோவம் கண்ணு? எங்களுக்குக் கையெழுத்தே ஒழுங்கா வராது, பட்ஜெட்டா போட முடியும்?" என்றார். வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஆனா எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கோணும்" என்றார்.