மலையில் மலர்வது மாலவனுக்கு
சூடக்கூடாத பூக்களுக்கு ஆயிரம் ஆண்டு வரலாறு. வெயிலோடும் பூச்சிகளோடும் போராடி வளரும் திருமலைத் தோட்டங்கள்

சென்னையில் அதிகாலைப் பேருந்து பிடித்துத் திருத்தணியில் காபி குடிக்கும்போது வாங்கிச் சூடிய மல்லிகைச் சரத்தின் ஆயுள் அலிபிரி வரைதான். மலையேறும் முன் தலையிலிருந்து பூவை எடுத்துவிடச் சொல்கிறார்கள். முதல்முறை வரும் தமிழ்நாட்டுப் பெண்களுக்கு இது சற்று அதிர்ச்சி. கோயிலுக்குப் போகும்போதா பூ வைக்கக்கூடாது? மதுரையிலும் ஸ்ரீரங்கத்திலும் கோயில் வாசலில் பூக்கடைதான் முதலில் கண்ணில் படும். திருமலையில் சட்டம் வேறு. மலையில் பூக்கும் ஒவ்வொரு பூவும் வேங்கடவனுக்கு; மனிதர்களுக்கு இல்லை.

இந்த மலைக்கு வைணவ மரபில் 'புஷ்ப மண்டபம்' என்றே பெயர். ஸ்ரீரங்கம் போக மண்டபம், காஞ்சிபுரம் தியாக மண்டபம், மேல்கோட்டை ஞான மண்டபம் என்ற வரிசையில் திருமலைக்குக் கிடைத்தது மலர். கருவறைக்கு வெளியே மாலைகளை வைத்திருக்கும் அறைக்கு யமுனைத்துறை என்று பெயர். ஆளவந்தார் என்கிற யாமுனாசாரியரின் நினைவு அது. தோமாலை சேவையின்போது அங்கிருந்துதான் மாலைகளை ஜீயரோ அவரது ஏகாங்கியோ கருவறைக்குக் கொண்டு போகிறார்கள்.

கதை தொடங்குவது ராமானுஜர் காலத்தில். வேங்கட மலையில் தங்கி நந்தவனம் அமைத்துப் பெருமாளுக்கு மலர்த்தொண்டு செய்ய யார் போகிறீர்கள் என்று சீடர்களைக் கேட்கிறார் அவர். அன்றைய திருமலை குளிருக்கும் காய்ச்சலுக்கும் காட்டு விலங்குகளுக்கும் பேர்போன இடம். எல்லோரும் தலை குனிந்திருக்க, எழுந்து நின்றவர் கர்நாடகப் பகுதியைச் சேர்ந்த அனந்தாழ்வான். 'நீயல்லவோ ஆண்பிள்ளை' என்று குரு பாராட்டியதாகச் சொல்கிறது குருபரம்பரைக் கதை.

தோட்டம் என்றால் முதலில் தண்ணீர். அனந்தாழ்வான் கடப்பாரை எடுத்து ஏரி வெட்டினார். மண் சுமந்தவர் கர்ப்பிணியான மனைவி. இரக்கப்பட்டு உதவ வந்தான் ஒரு சிறுவன். தொண்டில் பங்கு கேட்டவன் மீது கோபம் கொண்டு கடப்பாரையை வீசினார் கணவர். சிறுவனின் முகவாயில் அடி. ஓடி மறைந்தான். கருவறையில் பார்த்தால் பெருமாளின் முகவாயில் ரத்தம். அன்று வைத்த பச்சைக் கற்பூரம்தான் இன்றும் தொடர்கிறது என்பது நம்பிக்கை. அந்தக் கடப்பாரை மகாதுவாரத்தின் சுவரில் இன்னும் தொங்குகிறது. வரிசையில் முண்டியடிக்கும் கூட்டத்தில் நிமிர்ந்து பார்ப்பவர்கள் குறைவு. ஒரு கோயிலின் முகப்பில் தோட்டக்காரரின் கருவிக்கு இடம் கொடுத்திருப்பது அரிய சங்கதி.

அவருடைய தோட்டம் கோயிலிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. இரவில் பூத் திருட வந்த இளவரசன் தப்பிவிட, உடன் வந்த இளவரசியைப் பிடித்து மரத்தில் கட்டிவிட்டாராம் அனந்தாழ்வான். காலையில் பார்த்தால் கருவறையில் தாயாரைக் காணோம். அன்று பெருமாள் எதிர்த்திசையில் ஓடித் தப்பியதை நினைவூட்டத்தான், பிரம்மோற்சவம் முடிந்த மறுநாள் உற்சவர் அப்பிரதட்சணமாகத் தோட்டத்துக்கு வந்து போகிறார். அதற்குப் பெயர் பாக் சவாரி. தெய்வத்தையே திருடனாகப் பிடித்த தோட்டக்காரர்!

ஆனால் தோட்டக்காரரின் உண்மையான திருடர்கள் ஆறு கால்களோடும் எட்டுக் கால்களோடும் வருகிறார்கள்.

மே மாதத் திருப்பதியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். கடல் மட்டத்திலிருந்து 850 மீட்டருக்கும் மேலே உள்ள திருமலை அதைவிடச் சில டிகிரி குளுமை. செடிகளுக்கு அந்தச் சில டிகிரிதான் வாழ்வும் சாவும். மல்லிகைக்கு வெயில் நண்பன். கார்த்திகையில் கவாத்து செய்துவிட்டால் பங்குனி, சித்திரையில் மொட்டாகக் கொட்டும். ரோஜா வெயிலில் சிறுத்துப்போகும். சாமந்தியோ பகல் குறுகினால்தான் மொட்டு விடும். கோடையில் அதனிடம் பூ கேட்பது வீண். கொடைக்கானல், ஊட்டி சாலையோரங்களில் எக்காளம் போல் தலைகீழாகத் தொங்கும் புருக்மான்சியா இன்னும் மோசம். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைச்சரிவிலிருந்து வந்த அதற்கு இரவில் குளிர் வேண்டும். சமவெளிக் கோடையில் மொட்டு விட்டாலும் விரியுமுன் உதிர்த்துவிடும். ஊமத்தையின் உறவான அந்தச் செடி இலை முதல் விதை வரை விஷம். பெருமாள் தோட்டத்தில் அதற்கு வேலையுமில்லை. ஊமத்தை சிவனுக்கு உகந்தது. அதற்கு 36 கிலோமீட்டர் தள்ளி ஸ்ரீகாளஹஸ்தி இருக்கிறது.

வெயில் நண்பன் என்றாலும் மல்லிகைக்கு நிம்மதி கிடையாது. மொட்டுப்புழு துளைபோட்டு உள்ளே இருப்பதைத் தின்றுவிடும். கொசுவைவிடச் சிறிய ஈ ஒன்று மொட்டில் முட்டையிட, வெள்ளை மொட்டு கத்தரிப்பூ நிறமாகி உதிரும். காற்று வறண்டால் இலையின் அடிப்புறத்தில் செஞ்சிலந்தி வலை பின்னும். ரோஜாவுக்கு இலைப்பேன், சாமந்திக்கு அசுவினி, எல்லாவற்றுக்கும் பொதுவாக மாவுப்பூச்சி. பருத்தியில் பூச்சி விழுந்தால் விளைச்சல் குறையும். பூவில் விழுந்தால் சரக்கே போச்சு. ஓட்டை விழுந்த இதழை மனிதனே வாங்கமாட்டான், சாமிக்கு எப்படிப் போடுவது?

மருந்தடித்துவிடலாம்தான். ஆனால் மாலையாகப் போகிற பூவில் நஞ்சு தெளிக்க எந்தத் தோட்டக்காரருக்கும் கை கூசும். தவிர, கண்டபடி மருந்தடித்தால் செஞ்சிலந்தியைத் தின்னும் நல்ல பூச்சிகள் முதலில் சாகும், சிலந்தி இரட்டிப்பாகும். பழைய வழிகளே இங்கு கைகொடுக்கின்றன: வேப்பங்கொட்டைச் சாறு, வேப்பெண்ணெய், காலையில் இலையின் அடியில் படும்படி தண்ணீரைப் பீய்ச்சுவது, புழு விழுந்த மொட்டைப் பொறுக்கி அழிப்பது, நூற்புழுவை அடக்கச் செண்டுமல்லியை ஊடுபயிராக்குவது. எல்லாமே ஆள்பலம் கேட்கும் வேலை.

இங்கேதான் அனந்தாழ்வானின் இன்னொரு கதை இடறுகிறது. ஒருமுறை பயணம் போகும்போது கட்டுச்சோற்றைப் பிரித்தார். உள்ளே எறும்புகள். உதறிவிட்டு உண்ணவில்லை அவர். வேங்கட மலையில் ஏதேனும் ஒரு பிறவியாகக் கிடக்க வேண்டும் என்று குலசேகர ஆழ்வாரே ஏங்கியிருக்கிறார். இந்த எறும்புகள் எந்த மகான்களோ என்று மூட்டையைக் கட்டி மலைக்கே திருப்பிக் கொண்டு போய் விட்டார். பூப்பறிக்கையில் பாம்பு கடித்தபோதும் வைத்தியம் பார்க்காமல் மாலை கட்டப் போனவர் அவர். அந்த மனிதரின் வழிவந்த தோட்டத்தில் புழுவை நசுக்குவது பாவமா, பூவைக் காப்பது தொண்டா? அனந்தாழ்வானுக்கு இரண்டும் ஒன்றாக இருந்திருக்கலாம். அடுத்த மாலைக்குப் பூ எண்ணுகிறவருக்கு அந்த வசதி இல்லை.

தண்ணீர் அதைவிடப் பெரிய கவலை. கோகர்ப்பம், ஆகாச கங்கை, பாபவிநாசம், குமாரதாரா, பசுபுதாரா அணைகள் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியவை. மழை பொய்த்தால் மறு கோடையில் மலை தவிக்கும். தினமும் அறுபது, எழுபதாயிரம் பேர் வந்துபோகும் ஊரில் மனிதர்களின் தாகம் தீர்ந்த பிறகுதான் செடிகளின் முறை.

அதனால்தான் மலைத்தோட்டங்கள் மட்டும் போதுவதில்லை. தமிழகத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் பக்தர்கள் அனுப்பும் பூ மலையேறுகிறது. சித்தூர் மாவட்டத்தின் மேற்கே பலமனேர், குப்பம் மேட்டுநிலத்தின் மிதமான குளிரில் செண்டுமல்லியும் சாமந்தியும் விளைகின்றன. 1980இல் மீண்டும் தொடங்கிய கார்த்திகை மாதப் புஷ்பயாகத்துக்கு மட்டும் ஏழெட்டு டன் பூ. பிரம்மோற்சவத்தின் கருட சேவைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஆண்டாள் சூடிய மாலை வருகிறது. ஒருத்தி சூடிக் கொடுத்ததை மட்டும் ஏற்றுக்கொள்ளும் மலை, மற்ற பெண்கள் சூடுவதை மறுக்கிறது!

சாமிக்குச் சாற்றிக் களைந்த பூவும் பக்தர்களுக்குக் கிடைக்காது. முன்பெல்லாம் கோயிலுக்குள் உள்ள பூங்கிணற்றில் போய்ச் சேர்ந்தது. 2021 செப்டம்பரிலிருந்து தேவஸ்தானக் கோயில்களில் பயன்படுத்திய பூக்கள் ஏழு மலைகளின் பெயரில் ஏழு வகை ஊதுபத்திகளாகின்றன. உலர்த்திய இதழ்களால் சாமிப் படங்கள் செய்வதும் நடக்கிறது. ஆயிரம் ஆண்டாக மனிதர்களுக்கு மறுக்கப்பட்ட வாசனை, இப்போது புகையாக வீடுவரை வருகிறது.

தரிசனம் முடித்து இறங்கும் பெண்கள் பையில் லட்டோடு ஊதுபத்திக் கட்டும் இருக்கிறது. திருப்பதி ரயில் நிலையத்துக்கு வெளியே பூக்காரி முழம் போட்டுக்கொண்டிருக்கிறாள். காலையில் அலிபிரியில் கழற்றியதற்கு ஈடாக இரண்டு முழம் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டுதான் பலர் ரயிலேறுகிறார்கள்.