கொல்லைச் சாய்ப்பு

2018 நவம்பர் 15 இரவு நான் வீட்டுக்குத் தூரம். விராலிமலையில் எங்கள் வீட்டுக் கொல்லையில் தகரம் போட்ட சாய்ப்பு ஒன்று உண்டு. பாய், தட்டு, சொம்பு எல்லாம் மூன்று நாளும் அங்கேதான். கல்லூரிக்குப் போகிறவள் என்பதெல்லாம் கணக்கில் வராது.

கஜா புயல் நள்ளிரவுக்குப் பின் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது. கடற்கரைக்காரர்களுக்குத்தானே புயல் என்று நாங்கள் படுத்திருந்தோம். விடியுமுன் காற்று புதுக்கோட்டை மாவட்டத்துக்குள் புகுந்துவிட்டது. தகரம் முதலில் படபடத்தது. பிறகு ஒரு மூலை ஆணியோடு பிய்ந்து மேலெழுந்தது. கதவைத் தட்டினேன். அப்பத்தாதான் திறந்தார்.

"உள்ள வாடி, சாமி ஒண்ணும் சொல்லாது."

அம்மா எழுந்துபோய் சாமி மாடத்தின் திரையை இழுத்து மூடினார்.

ஊரை எழுப்பும் மயில்கள் அன்று அகவவில்லை. மின்சாரமும் போயிருந்ததால் செய்தி தாமதமாகத்தான் வந்தது. பட்டுக்கோட்டைப் பக்கம், பூப்பெய்தியதால் குடிசையில் தனியே தங்கவைக்கப்பட்டிருந்த 12 வயதுச் சிறுமி, அதே இரவில் தென்னை விழுந்து இறந்திருந்தாள். புயலுக்குப் பலி என்று எழுதிக்கொண்டார்கள். அப்படி எழுதிவிட்டால் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "பாவம், அது விதி" என்றார். விழுந்த தென்னை ஒன்றுக்கு அரசு 1,100 ரூபாய் அறிவித்திருப்பதை அப்பா திண்ணையில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார்.

டிசம்பரில் அப்பா சாய்ப்புக்குப் புதுத் தகரம் போட்டார், இம்முறை இரும்புக் குழாய் நட்டு. அம்மா அங்கே என் பாயை விரித்தார். நான் அதைச் சுருட்டிக்கொண்டு அப்பத்தா கட்டிலோரம் வந்து படுத்தேன். அப்பத்தா காலை மடக்கி இடம் விட்டார். அம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை.