நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும்: வாலிநோக்கம் கரையோரம் ஒரு யாத்திரை

இராமேசுவரம் செல்லும் அன்பர்களில் பெரும்பாலோர் இராமநாதபுரத்திலிருந்து நேரே கிழக்கு நோக்கிச் சென்று, பாம்பனைக் கடந்து, அக்னி தீர்த்தத்தில் நீராடி, இராமநாதசுவாமியைத் தரிசித்து ஊர் திரும்பிவிடுகின்றனர். அதே இராமநாதபுரத்திலிருந்து தெற்கே திரும்பி, திருப்புல்லாணி, கீழக்கரை, ஏர்வாடி வழியாகக் கரையோரமாகவே சென்றால் சேது நாட்டின் இன்னொரு முகத்தைக் காணலாம். அந்தக் கரையில், மன்னார் வளைகுடாவுக்குள் மூக்கை நீட்டினாற்போல் அமைந்த கடற்கரைக் கிராமம் வாலிநோக்கம். பெயரைக் கேட்டதும் இராமாயணத்து வாலி நினைவுக்கு வருவது இயல்பே. சேதுக்கரையும் திருப்புல்லாணியும் அருகிருக்க, அந்த நினைவைத் தவிர்க்கவும் இயலாது.

வங்கிப் பணியின் பொருட்டு இப்பகுதியில் சில ஆண்டுகள் அலையும் வாய்ப்பு அடியேனுக்குக் கிடைத்தது. கடன் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும்போதுதான் நிலம் மனிதனை எப்படி ஆள்கிறது என்பது விளங்கிற்று. உப்பளத் தொழிலாளியின் கையில் வெயில் காலத்தில்தான் பணம் புரளும். மிளகாய் விவசாயிக்கோ தை பிறந்த பின்னர்தான் வரவு. மீனவருக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையிலேயே நிற்கும். எல்லோருக்கும் ஒரே தவணை அட்டவணையை நீட்டினால் எப்படிப் பொருந்தும்? ஐப்பசியில் கருமேகம் திரளும்போது உழவர் அம்மனுக்குப் பொங்கல் வைப்பதாக நேர்ந்துகொள்வார். கூப்பிடு தொலைவில் உள்ள உப்பளத்தவரோ, குவித்த உப்பு கரையாமல் காக்க ஓலை தேடி ஓடுவார். ஒரே மேகத்திடம் இரண்டு வேண்டுதல்கள்!

இந்த மாவட்டத்தின் இருப்பிடமே இதற்கெல்லாம் மூலம். தென்மேற்குப் பருவக்காற்றின் மழையை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துக்கொள்கிறது. எஞ்சியிருப்பது வடகிழக்குப் பருவமழை ஒன்றே. ஆண்டு முழுவதும் சேர்த்து 800 மில்லிமீட்டரை ஒட்டியே மழை. அதிலும் பெரும்பகுதி இரண்டு மூன்று மாதங்களில் பெய்து ஓய்ந்துவிடும். பிறகு நீண்ட வெயில், ஓயாத காற்று.

உழவுக்குச் சாபமான இவ்விரண்டும் உப்புக்கு வரமாக அமைந்தன. உப்பு விளைய மூன்று பொருத்தங்கள் வேண்டும்: தாழ்ந்து பரந்த தரை, நீரை உள்ளே இறங்கவிடாத இறுகிய மண், வெயிலும் காற்றும் குறையாத வானம். மூன்றும் வாலிநோக்கம், மாரியூர் பகுதியில் கூடிவந்தன. தமிழ்நாடு உப்புக் கழகம் 1974ஆம் ஆண்டு தொடங்கப்பட்டு இங்கே உப்பளம் அமைத்தது. ஐயாயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பு அது. உவர்நீரைத் தேக்கி, வெயிலில் சுண்டச் செய்து, பாத்தி பாத்தியாக மாற்றி, உப்பு பூத்ததும் வாரிக் குவிக்கிறார்கள். 2022 முதல் ‘நெய்தல்’ என்ற பெயரிலும் இக்கழகத்தின் உப்பு கடைகளுக்கு வருகிறது. கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல் என்று நம் முன்னோர் வகுத்தனர் அல்லவா? அந்தத் திணையின் உப்பை வண்டியேற்றி உள்நாட்டுக்குக் கொண்டுபோய் நெல்லுக்கு மாற்றிய உமணரைச் சங்க இலக்கியம் நன்கறியும்.

வாலிநோக்கத்தில் ஒரு காலத்தில் பழைய கப்பல்களை உடைக்கும் தொழிலும் நடந்தது. ஆனால் அத்தொழில் பெருகி நிலைபெற்றது குஜராத் மாநிலத்து அலங் கடற்கரையில். அங்கே கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே சுமார் பத்து மீட்டர் வேறுபாடு உண்டு. ஏற்றத்தின்போது கப்பலைக் கரையில் ஏற்றிவிட்டால், நீர் வடிந்ததும் அது தரையில் நிற்கும். மன்னார் வளைகுடாவில் அந்த வேறுபாடு ஒரு மீட்டர்கூட இல்லை. ஆரவாரமற்ற கடல் இது. ஆரவாரம் இல்லாததாலேயே இங்கு முத்துச் சிப்பியும் சங்கும் பவளப் பாறைகளும் செழித்தன. கீழக்கரை முத்தும் சங்கும் வணிகம் செய்து செல்வம் கொழித்தது. வள்ளல் சீதக்காதி அவ்வூர்ப் பெருமகன். கிழவன் சேதுபதியின் உற்ற நண்பர்.

அந்தப் பவளத்தின் பெயரைத் தாங்கிய அம்பிகையே மாரியூரில் அருள்பாலிக்கிறாள். வாலிநோக்கத்துக்கு மேற்கே, சாயல்குடியை ஒட்டிய கடற்கரைக் கிராமம் அது. சுவாமி திருநாமம் பூவேந்தியநாதர், அம்பாள் பவளநிறவல்லி. சித்திரைத் திருவிழாவில் வலைவீசும் படலம் இங்கே கடற்கரையிலேயே நிகழ்த்தப்பெறுகிறது. மீனவர் குலத்தில் பிறந்த அம்பிகையை மணக்க, சுறாவாக வந்த நந்தியைப் பெருமான் வலைவீசிப் பிடித்த அந்தத் திருவிளையாடலைப் பரஞ்சோதி முனிவரும் பாடியிருக்கிறார். வயல் சூழ்ந்த ஊரில் இறைவன் பிட்டுக்கு மண் சுமக்கிறார். கடல் சூழ்ந்த ஊரில் வலை எடுக்கிறார். எந்த நிலத்தில் மக்கள் எந்தத் தொழிலால் பிழைக்கிறார்களோ, அந்தத் தொழிலையே அவரும் ஏற்றுக்கொள்கிறார்.

இந்தக் கரையிலிருந்து கடலுக்குள் நோக்கினால் சிறு தீவுகள் தெரியும். மன்னார் வளைகுடாவில் மொத்தம் 21 தீவுகள். அவற்றுள் ஒன்றின் பெயர் நல்லதண்ணித் தீவு. மற்றொன்று உப்புத்தண்ணித் தீவு. பெயர் சூட்டியவர்கள் புலவர்கள் அல்லர், தாகத்தோடு படகில் சென்றவர்கள். எங்கே குடிக்கலாம், எங்கே கூடாது என்பதே அவர்களுக்குத் தீவின் முதல் அடையாளம். இந்தச் சீமையின் வரலாற்றையே அந்த இரண்டு பெயர்களில் அடக்கிவிடலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இராமேசுவரத்துக்கு அவ்வளவு பெரிய கோயிலும் ஊரும் எப்படி வாய்த்தன? நாற்புறமும் கடல் சூழ்ந்த தீவில், கோயிலுக்குள்ளேயே 22 தீர்த்தங்கள். கடலில் நீராடிய உப்பு உடலில் காய்வதற்குள், கல்லெறி தூரத்தில் நல்ல நீர் தலையில் விழுகிறது. இறையருளை இயற்கையின் வழியில் விளக்க முற்பட்டால், மணலைத்தான் சொல்ல வேண்டும். தீவின் மணல் மழை நீரை உறிஞ்சி உள்ளே வாங்கிக்கொள்கிறது. நன்னீர் கனம் குறைந்தது. ஆகவே அடியில் உள்ள உவர்நீரின்மேல் மிதந்தபடி தங்கிவிடுகிறது. வாலிநோக்கத்தில் இறுகிய தரை நீரை உள்ளே விடவில்லை, உப்பு விளைந்தது. இராமேசுவரத்தில் மணல் நீரைக் காத்தது, தீர்த்தம் ஊறியது. அங்கே மூலவர் சீதாப்பிராட்டி மணலால் பிடித்த லிங்கம். பாஸ்கரராயர் உப்பினால் செய்ததாகச் சொல்லப்படும் கரையாத உப்பு லிங்கமும் அதே ஆலயத்தில் உண்டு. மணலும் உப்புமான இந்தக் கரையோரம் முழுவதையும் ஒரே சன்னிதியில் தரிசித்த நிறைவு அங்கே கிட்டும்.

நிலத்தின் குறையை நம் முன்னோர் விதி என்று விட்டுவிடவில்லை. பெய்கிற மழையைப் பிடித்துவைக்க ஊர்தோறும் கண்மாய் வெட்டினர். இராஜசிங்கமங்கலம் பெரிய கண்மாயை ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்று இன்றும் பெருமையோடு சொல்வார்கள். வைகை வழக்கமாகக் கடலைச் சேராமல் இராமநாதபுரம் பெரிய கண்மாயிலேயே தங்கிவிடுவதும் அந்த உழைப்பின் விளைவே. மேற்கே ஓடும் பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்பலாமா என்று 1789ஆம் ஆண்டிலேயே ஆராயச் செய்தவர் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை. அந்த எண்ணம் 1895இல் முல்லைப் பெரியாறு அணையாக நிறைவேறியபோது அவர் இல்லை. ஆனால் தாகம் அறிந்த சீமையில் பிறந்த எண்ணம் அது.

இன்றைய நிலை கவலை தருகிறது. மணலில் மிதக்கும் நன்னீருக்கு ஓர் அளவு உண்டு. வாளியால் இறைத்த காலத்தில் மழைக்கு மழை அது நிறைந்தது. ஆழ்துளைக் குழாயும் மின்மோட்டாரும் கொண்டு உறிஞ்சினால் அடியிலுள்ள உவர்நீர் மேலேறிவிடும். ஏறிய உப்பை இறக்குவது எளிதன்று. கடலாடி வட்டத்துக் கிராமங்களில் பெண்கள் மணலில் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியால் நீரைக் கோரிக் கோரிக் குடம் நிரப்புவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு குடம் நிரம்ப அவர்கள் காத்திருந்த நேரத்தை எண்ணினால், குழாயைத் திறந்துவிட்டுப் பல் துலக்க நம் கை கூசும். இப்போது காவிரிக் கூட்டுக் குடிநீர் இம்மாவட்டத்துக்கு வருவது பேருதவி. ஆயினும் தொலைவிலிருந்து வரும் நீர், உள்ளூர் ஊருணிக்கு ஈடாகாது.

கடலிலும் இதே கதைதான். சுண்ணாம்புக்காகப் பவளப் பாறைகளை அளவின்றி வெட்டியெடுத்ததால் அலைத்தடுப்பு குலைந்து, 21 தீவுகளில் இரண்டு நீரில் மூழ்கின. அவற்றுள் ஒன்றான பூவரசன்பட்டித் தீவு கீழக்கரைப் பக்கத்தைச் சேர்ந்தது. 2001 முதல் பவளப் பாறைகளுக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. தீவு போன பிறகு வந்த பாதுகாப்பு. எனினும் எஞ்சியவற்றை அது காக்கட்டும்.

அடுத்த முறை சேது யாத்திரை செல்லும் அன்பர்கள் கூடுதலாக ஒரு நாள் ஒதுக்கிக்கொள்ளலாம். இராமநாதபுரத்திலிருந்து புறப்பட்டு, திருப்புல்லாணியில் ஆதிஜெகந்நாதப் பெருமாளையும் தர்ப்பசயன இராமரையும் சேவித்து, சேதுக்கரையில் நீராடலாம். பிறகு கீழக்கரை, ஏர்வாடி வழியே கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்று, தெற்கே பிரிந்து வாலிநோக்கத்து உப்பளங்களையும் கடலையும் கண்டு, மாரியூரில் பூவேந்தியநாதரைத் தரிசிக்கலாம். திரும்பும் வழியில் உத்தரகோசமங்கை மங்களநாதரையும் மங்களேசுவரியையும் வணங்கி வரலாம். வெயில் கடுமையானது, வயதானவர்கள் காலை வேளையிலேயே கிளம்புவது நலம். குடிக்க நீரைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். இராமேசுவரத்தில் தீர்த்தமாடும்போது ஒரு வாளி தலையில் விழுந்தால் போதும், புண்ணியம் நிறைவே. இன்னும் ஊற்றுங்கள் என்று கேட்க வேண்டாம். மிச்சமாகும் அந்த நீர் நாளை வரப்போகும் இன்னோர் அடியாருக்கு உரியது.