பூச்சூடிய தலைக்கும் கவசம்

தில்லிக்கு வந்து பத்தாண்டுகள் ஆகின்றன. இரயில்வே எழுத்தர் ஊதியத்தில் மிச்சம் பிடித்து ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினோம். சென்ற கிருத்திகையன்று தம்பதியராய் மலை மந்திருக்குப் புறப்பட்டோம். ஓட்டும் தலையில் கவசம். பின்னிருக்கும் தலையில் மல்லிகைச் சரம். வாயிலில் நின்ற ஆறு வயது மகள், "அம்மா விழமாட்டார்களா, அப்பா?" என்று வினவினாள். நாணி நின்றோம்.

சட்டம் அறியாதவர்களல்லோம். சீக்கியப் பெண்கள் நீங்கலாகப் பின்னமரும் பெண்டிருக்கும் தில்லியில் 2014 ஆம் ஆண்டிலேயே கவசம் கட்டாயமாயிற்று. நான்கு வயதைக் கடந்த சிறாருக்கும் வேண்டுமென்பது 2019 ஆம் ஆண்டுத் திருத்தம். "அருகில்தானே கோயில்" என்னும் அலட்சியமே எங்கள் குற்றம்.

கவசத்தின் உள்ளிருக்கும் நுரைப்பகுதி தான் நசுங்கி, மண்டைக்கு வரும் அடியைத் தாங்கிக்கொள்கின்றது. வாரைப் பூட்டாவிடில் கவசம் கழன்றோடும். பலமாக அடிபட்டதை மீண்டும் அணிதல் ஆகாது.

அன்று பேருந்திலேயே சென்றோம். சம்பள நாளன்று ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள கவசங்கள் இரண்டு வாங்கினோம். ஒன்று மகளின் தலைக்கு அளவானது. மல்லிகைச் சரம் இப்பொழுது பையில் வருகின்றது. கோயில் வாயிலில் கூந்தலேறுகின்றது. அன்பர்களே, மணம் சிறிதும் குறையவில்லை!