படித்த கிராணியும் அறுபது நாளும்

லூபோக் சீனாவுக்கு அண்மையிலுள்ள ஒரு தோட்டத்தில் நாம் கிராணி வேலை பார்த்து வருகிறோம். ஆங்கிலக் கல்வி பெற்றவர் என்ற மதிப்பு நமக்கு லயத்திலும் உண்டு, கடைத்தெருவிலும் உண்டு. அம்மதிப்பு எத்தகையது என்பதை ஒரு மாலைப் பொழுதில் அறிந்துகொண்டோம்.

செம்பனைக் காட்டில் பல்லாண்டு உழைத்த பெரியவர் ஒருவர் நம் வீட்டு வாசலில் வந்து நின்றார். மடித்த கடிதமொன்றை நீட்டி, “கிராணி ஐயா, இதுக்கு மேலே ஏதும் வழி உண்டா?” என்றார். அது அவரை வேலையினின்று நீக்கிய கடிதம். அதைத் தட்டச்சு செய்த கை நமது கையே. படிக்கத் தெரியாமையால் அதைச் சாமி படத்தின் பின்னே செருகி வைத்துவிட்டு, துரை மனம் இரங்குவார் என்று காத்திருந்தாராம். அன்று எழுபத்து மூன்றாம் நாள்.

நியாயமின்றி நீக்கப்பட்டதாகக் கருதும் தொழிலாளி, நீக்கப்பட்ட அறுபது நாட்களுக்குள் தொழில் உறவு இலாகாவில் முறையிட வேண்டும் என்கிறது 1967ஆம் ஆண்டின் தொழில் உறவுச் சட்டம். அச்சட்டப் புத்தகம் நமது ஆபீஸ் அலமாரியில் ஆங்கிலத்திலேயே இருக்கிறது. அதை அன்றிரவுதான் முதன்முதலாகப் புரட்டினோம். அவர் பக்கம் நியாயம் இருந்ததோ இல்லையோ, அதைக் கேட்கும் வாசல் பதின்மூன்று நாட்களுக்கு முன்பே அடைபட்டுவிட்டது. எழுத்தறியாத அவரும் ஆங்கிலமறிந்த நாமும் இவ்விஷயத்தில் ஒரே நிலையினரே. அவர் அறியாமைக்கு வறுமை காரணம்; நமது அறியாமைக்கு என்ன காரணம் கூறுவோம்?

நிற்க. இக்குறைக்குப் பரிகாரம் புதிதன்று. இங்கிலாந்தில் ஆல்பர்ட் மான்ஸ்பிரிட்ஜ் என்பார் 1903இல் தொழிலாளர் கல்விக் கழகத்தைத் தோற்றுவித்தார். 1908இல், கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பொருளியல் கற்பித்து வந்த டானி என்ற இளைஞர், லாங்டன் நகரக் குயவுத் தொழிலாளருக்கும் ராச்டேல் நகர நெசவாலைத் தொழிலாளருக்கும் வாரந்தோறும் ஆசிரியராய்ச் சென்றார். ஒரு மணி நேரம் பாடம். ஒரு மணி நேரம் கேள்வி. நூல்களில் எளிதில் கிட்டாத அறிவை அத்தொழிலாளரிடமிருந்தே தாம் பெற்றதாக 1912இல் வெளியிட்ட தம் நூலின் முகவுரையில் அவர் எழுதினார். பெரிய பேராசிரியர் என்று பின்னாளில் புகழ் பெற்றவர் அவர்.

நமது அலோர் காஜா வட்டாரத்திலேயே பல்கலைக்கழகக் கிளை இருக்கிறது; மலாக்கா மாநிலத்தில் வேறு பல்கலைக்கழகங்களும் உள. தொழிற்சட்டம் கற்ற, தமிழில் பேசவல்ல விரிவுரையாளர் ஒருவரை மாதம் இருமுறை பகுதி நேரமாக நாம் அமர்த்திக்கொள்ளலாகாதா? சங்கம் இருக்க இது எதற்கு என்பர் சிலர். சங்கம் நமக்காக வாதாடும். வாதாட வேண்டிய நாள் இதுவென அறிந்து, சங்கத்தின் கதவைத் தட்ட வேண்டியவர் நாமல்லவா? கிராணியே சொல்லித்தரட்டுமே என்பர் வேறு சிலர். முதலாளியின் சம்பளம் வாங்குபவன் எவ்வளவு நல்லவனாயினும், அவன் வாய் பாதிதான் திறக்கும். இதை நம்மை வைத்தே சொல்கிறோம்.

ஆகையால் அவருக்குரிய ஊதியத்தைக் கேட்பவர்களே தர வேண்டும். தலைக்கு இரண்டு வெள்ளி போதும். துரையிடம் நன்கொடை பெறலாகாது. பாடமும் எளியதாக இருக்கட்டும்: சம்பளக் காலம் முடிந்த ஏழு நாட்களுக்குள் கூலி தரப்பட வேண்டும், 2023 முதல் வாரத்திற்கு நாற்பத்தைந்து மணி நேரமே சாதாரண வேலை, ஐந்தாண்டும் அதற்கு மேலும் உழைத்தவரை ஆட்குறைப்புச் செய்தால் ஆண்டுக்கு இருபது நாட் கூலி நஷ்ட ஈடு. இவை பிச்சையல்ல, சட்டம் தந்த உரிமை.

திருவிழாவுக்குப் பந்தல் போட மனமுவந்து பணம் தரும் நம்மவர் இதற்கும் தருவர் என நம்புகிறோம். முதல் இரண்டு வெள்ளியை நாம் எடுத்து வைத்துவிட்டோம். முதல் வகுப்பில் முன் வரிசை நாற்காலி அப்பெரியவருக்கே உரியது. அவருக்கு அடுத்த நாற்காலியில் நாம் மாணாக்கராய் அமர்வோம்.