பழைய கணிப்பொறிக்கு ஒரு துணை

இரண்டாமாண்டு பி.எஸ்சி. இயற்பியல்

'விரலுக்கேற்ற வீக்கம்' என்பர் நம் பெரியோர். பழைய கணிப்பொறிக்கு ஸ்கேனர் தேடிய நாட்களில்தான் அம்முதுமொழியின் முழுப்பொருளும் எனக்கு விளங்கிற்று.

என் தந்தையார் கைநாட்டு வைப்பவர். எங்கள் வீட்டு மரப்பெட்டியில் பாட்டனார் காலத்து நிலப் பத்திரம், மடிப்புதோறும் கிழிந்து கிடக்கிறது. எங்கள் குடும்பத்தில் அதைப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். அது பொடியாவதற்குள் படியெடுத்து வைப்பது என் கடமையன்றோ? என்னிடம் இருந்தவையோ விண்டோஸ் 7 இயங்கும் பழைய கணிப்பொறியும், விடுமுறையில் கூலிவேலை செய்து சேர்த்த 5,000 ரூபாயும்தான்.

கடைக்காரர் முதலில் காட்டியது, தாளை உருளைகளுக்கிடையே இழுத்துச் செல்லும் வகை. வேகமானதுதான், ஆயின் நொறுங்கும் தாளுக்கு அது எமன்! கண்ணாடியின் மேல் தாளைக் கிடத்தும் தட்டை ஸ்கேனரே தக்கது. அதிலும் சி.ஐ.எஸ். உணரி கொண்டவற்றுள் பல, யு.எஸ்.பி. வடத்திலிருந்தே மின்சாரம் பெறுகின்றன. தாள் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் எழுத்துத் தெளிவாக விழும்.

வடம் பொருந்தினால் மட்டும் போதுமா? போதாது. கருவிக்கும் கணிப்பொறிக்கும் இடையே மொழிபெயர்ப்பாளராக நிற்கும் 'டிரைவர்' மென்பொருள் வேண்டும். அது இல்லையேல் ஸ்கேனர் வெறும் ஊமை. 32 பிட் விண்டோஸ், 64 பிட் டிரைவரை ஏற்காது. விண்டோஸ் 7-க்கான பொது ஆதரவும் 2020 ஜனவரி 14-இல் முடிந்துவிட்டது. எனவே மாடலின் பெயர், விண்டோஸின் பதிப்பு, பிட் அளவு ஆகிய மூன்றையும் உற்பத்தியாளரின் டிரைவர் பட்டியலோடு ஒப்பிட்ட பின்னரே பணத்தை எடுத்தேன். பட்டியலில் இல்லாத பழைய கருவிகள் பலவற்றை லினக்ஸில் 'சேன்' என்னும் கட்டற்ற மென்பொருள் இயக்கும் என்பதையும் அறிந்துகொண்டேன்.

அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்னும் அளவில் ஒரு ஏ4 வண்ணப் பக்கம், சுருக்காத நிலையில் ஏறத்தாழ 26 மெகாபைட். 600 புள்ளிகளாக்கினால் அது நான்கு மடங்காகும்! எழுத்தைப் படிக்க 300 போதும். பழைய பொறியும் திணறாது.

பளபளத்த புதியதை விடுத்து, டிரைவர் உறுதியான எளிய கருவியையே வாங்கினேன். மூலப் பத்திரத்துக்கு இந்தப் படி ஈடாகாதுதான். எனினும், அடிக்கடி பிரித்துப் பார்த்து அதைக் கிழிக்கும் நிலை இனி இல்லை. திரையில் பாட்டனாரின் பெருவிரல் ரேகை வரிவரியாய்த் தெரிந்தது. "நம்ம தாத்தா கையா இது?" என்று அப்பா நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நண்பர்களே! பழையது என்பதனாலேயே ஒன்று பயனற்றதாகிவிடாது. அதற்கேற்ற துணையை ஆராய்ந்து தேடித் தருவதும் கற்றவர் கடமையே.